ஐந்தாவது எண்

இடது கட்டைவிரலில் தூண்டில் முள்ளோடு
கொன்செப்சியோன் ஆஸ்பத்திரி பெஞ்சில் நான்.
எனக்கு முன்னால் பதினோரு பேர்.
ஒன்பதே காலுக்கு விளக்கு போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது.
பிறகு, முழங்கால்வரை நனைந்த காவலாளி வந்து
அந்த அறைக்குள் ஆறு புகுந்துவிட்டது என்றான்.

உள்ளே ஒருவன் மெஷினில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.
மோட்டார்சைக்கிள் விபத்து. பெயர் தெரியாது.
சட்டைப்பையில் ஒரு சாவி, பாதி பஸ் டிக்கெட்.

நர்ஸ் லிப்ராதா தோளால் கதவைத் தள்ளி
"நல்ல கை யாருக்கு இருக்கிறது?" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

பப்பாளி அளவு ரப்பர் பை அது.
எண்ணி எண்ணி அழுத்த வேண்டும்:
பெத்தெய், மொக்கொய், ம்பொஹாபி, இருந்தி, போ.
எங்கள் குவாரனியில்
ஐந்துக்கும் கைக்கும் ஒரே சொல்தான், போ.
போ என்றதும் அழுத்தினேன்.
காற்று போனது.
முன்பின் தெரியாத ஒரு நெஞ்சு
பொத்தான் கனம் உயர்ந்து
இறங்கியது.

ஆளுக்கு இருநூறு.
எனக்கு அடுத்து ப்ளாசிதா.
நோயாளி இல்லை, சிப்பா ரொட்டி விற்க வந்தவள்.
சோம்பும் பாலாடைக்கட்டியும் மணக்கும் கைகள்.
எண்ணிக்கைக்கு நடுவே அவனைத் திட்டினாள்:
"ஏய், நீயும் கொஞ்சம் இழு, நான் மட்டுமா?"

வேலித் தகராறில்
ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டு
ஒரே போலீஸ் வண்டியில் வந்தவர்கள்
அர்செனியோவும் எவுலோகியோவும்.
ஒருவனுக்கு விரல் மரத்தபோது
மற்றவன் அடியில் கை கொடுத்து
மூன்றிலிருந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தான்.
சமாதானமெல்லாம் இல்லை.
கை மாறியது, அவ்வளவுதான்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர்
தலை சுற்றுகிறது என்று வெளியே போனார்.
திரும்பி வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

என்னையும் சொல்ல வேண்டும்.
இரண்டரை மணிக்கு, மூன்றாவது சுற்றில்,
இருந்தி என்ற இடத்தில் தூங்கிவிட்டேன்.
லிப்ராதா காதைத் திருகினாள்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
எவ்வளவு நேரம் அவனைக் காக்கவைத்தேன்?
செல்போன் வெளிச்சத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காததுபோல் இருந்தார்கள்.

ஐந்து நாற்பதுக்கு மின்சாரம்.
மெஷின் விசிலடித்து வேலையை வாங்கிக்கொண்டது.
கைதட்டல் இல்லை. யாரோ தேரேரே குவளையை நீட்ட
ஒரே உறிஞ்சு குழலில் எல்லாரும் குடித்தோம்.
ப்ளாசிதா ஆறிப்போன ரொட்டிகளைப்
பாதி விலைக்குக் கொடுத்தாள், இலவசமாக அல்ல.
சில்லறை எண்ணும் அவள் வலக்கை
விரிவதும் மூடுவதுமாகவே இருந்தது.
அவளுக்கே அது தெரியவில்லை.

அவனை அசுன்சியோனுக்குப் படகில் கொண்டுபோனார்கள்.
பிழைத்தானா என்று கேட்கலாம்தான்.
எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

எட்டு மணிக்குப் பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
டாக்டர் முள்ளை எடுத்துக் குப்பையில் போடப் போனார்.
கொடுங்கள் என்றேன்.
நல்ல முள்.
தண்ணீர் வடிந்தால் மீன் வரும்.