இலை போட்ட பை

பச்சை இலை அச்சடித்த பைகளைக்
கட்டுக்கட்டாக இறக்கிவிட்டு
"சோள மாவுக்கா, தானா மக்கிரும்" என்று
பரமக்குடி ஏஜெண்ட் போய்விட்டான்.
கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதல்.

வேதாளையில் என் கருவாட்டுக் கடைக்குப் பின்னால்
ஒன்றைப் புதைத்தேன்.
பக்கத்தில் ஒரு காகிதப் பை,
கிழிந்த சணல் சாக்கு,
துணி என்று தந்த ஜவுளிக்கடைப் பை.
அடையாளத்துக்கு நான்கு சங்கு.

கச்சான் போய் வாடை வந்தது.
காகிதம் ஐப்பசி மழையிலேயே கரைந்துவிட்டது.
சாக்கில் பாதியை மண் தின்றிருந்தது.
ஜவுளிக்கடைத் துணியோ
சம்சுகனி லைட்டரைக் காட்டியதும்
சாம்பலாகாமல் உருகிச் சொட்டியது.

இலை போட்ட பையில்
இலை மட்டும் மக்கியிருந்தது.

"உரக்கிடங்குச் சூடு வேணுமாம் இதுக்கு"
போனைப் பார்த்துப் படித்தான்.
சித்திரை உச்சியில் இந்த மணலில்
வெறுங்காலோடு நின்றிருக்கிறானா
இதை எழுதியவன்?

மீதிக் கட்டுகள் பரணில் கிடக்கின்றன.
குப்பை வண்டிக்காரர்
எந்தக் கூடையில் போடுவதென்று என்னையே கேட்கிறார்.
"பை கொண்டாந்தா மீன்" என்று
கடை வாசலில் கரியால் எழுதியிருக்கிறேன்.
ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

நேற்று சம்சுகனியின் வலையில்
வெள்ளையாக ஏதோ வழுக்கியது.
சொறி என்று பதறிக் கையை உதறினான்.

அரிக்கவேயில்லை.