எந்தப் பக்கத்துக் கோடு

வெளிப்பக்கம் இடமிருந்து வலம்.
உள்பக்கம் மேலிருந்து கீழ்.
கோடு படுத்திருந்தால் இறங்கிப் போய்த் துடை,
நின்றுகொண்டிருந்தால் உள்ளே ஏறு.
எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரியாமல்
இரண்டு பக்கமும் மாறிமாறித் தேய்த்து
நான் பாழாக்கிய காலைகள் உண்டு.

தவசிக்கனி டிராவல்ஸில் ஆறு வண்டி.
மற்ற ஐந்தையும் விடிந்தபிறகு கழுவுகிறார்கள்,
வெயிலில்.
வெயில் நம்மைவிட வேகமாகத் துடைக்கும்,
துடைத்த கூலிக்கு
உப்பை ஒட்டிவிட்டுப் போகும்.
எனக்கு நாலரை மணி,
கேடிசி நகர் ஷெட், ஒற்றை டியூப்லைட்.

போர் தண்ணி ஆகாது. அதில் பருப்பே வேகாது.
வீட்டுக்கு வரும் ஆத்துத்தண்ணியில்
ஒரு கேன் ஒதுக்கி எடுத்துவருகிறேன்.
"குடிக்கிற தண்ணியில காரு குளிக்குதாக்கும்"
என்பாள் பாக்கியத்தாய்.
காரு குளிக்கலட்டீ, முகம் மட்டும் கழுவுது.

துணி இரண்டு.
ஈரத்துக்கு ஒன்று, அதன் பின்னாலேயே காய்ந்தது ஒன்று.
காய்ந்தது என் பழைய பனியன்.
புதுத்துணி கண்ணாடியில் வழுக்கும்,
எதையும் எடுக்காது,
கடைக்குப் புதிதாய் வந்த பையன் மாதிரி.
கடைசியில் நேற்றைய பேப்பர், நாலு சொட்டு வினிகர்.
நகைக்கடை விளம்பரப் பக்கம் வழவழப்பு, உதவாது.
கொலையும் கொள்ளையும் அச்சடித்த
சாணித்தாள்தான் நன்றாகக் குடிக்கும்.

வைப்பரைத் தூக்கி
அதன் உதட்டையும் துடைக்கணும்.
மறந்தால்,
நாம் அழித்ததையெல்லாம்
ஒரே வீச்சில் அது திரும்ப எழுதும்.

இவ்வளவும் எதற்கென்றால்,
வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குக் கிழக்கே போகணும்.
வல்லநாட்டு மலை தாண்டியதும்
சூரியன் நெற்றிக்கு நேரே வரும்.
டியூப்லைட்டில் இல்லாத கோடெல்லாம்
அங்கே தீப்பிடிக்கும்.
ஒரு சாண் கோட்டுக்குப் பின்னால்
ஒரு ஆடு முழுசாக நிற்கலாம்.
நின்றது.
அன்றிலிருந்துதான் இந்த நாலரை மணி.

போன ஆனியில் மேலப்பாளையத்துச் சவாரி.
செய்யது மசூது, மெட்ராஸ் போய் அங்கிருந்து ரியாத்.
இறக்கிவிட்டுத் திரும்பும்போது
பின்சீட்டில் அவர் வீட்டம்மாவும் மகளும்.
அந்தம்மா தெய்வச்செயல்புரம் வரைக்கும் பேசவில்லை,
அதற்கு அப்புறமும் பேசவில்லை.
ஐந்து வயசுப் பிள்ளை
இடதுபக்கக் கண்ணாடியில் ஊதி ஊதி
விரலால் என்னவோ வரைந்தது.
"ருக்கையா, கையை எடு" என்று மட்டும் ஒரு தடவை.
எடுக்கவில்லை.
எனக்கு வினிகர் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.
மறுநாள் அதே கண்ணாடியைத் துடைத்தேன்,
மேலிருந்து கீழ், இரண்டு தடவை.
ஒன்றுமில்லை. பளிச்.

ஐப்பசியில் குற்றாலத்துக்கு ஒரு குடும்பம்.
ஆலங்குளம் தாண்டி நல்ல மழை,
உள்ளே ஆறு பேர் மூச்சு, ஏசி கோளாறு.
இடதுபக்கக் கண்ணாடி மெல்ல வெளுத்தது.
வெளுத்ததில் ஒரு விமானம் எழும்பி வந்தது.
ஒரு இறக்கை நீளம், ஒன்று குட்டை.
வரிசையாய் ஜன்னல்கள்.
ஒரே ஒரு ஜன்னலில் மட்டும்
வட்டமாய் ஒரு தலை.

"டிரைவர், வண்டியெல்லாம் தொடைக்கதே கிடையாதா?"

நான் என்ன சொல்ல.
தொடைச்சேன்மா, ஆனி மாசமே தொடைச்சேன் என்றால்
யார் நம்புவார்கள்.
அவர்களே கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்கள்,
வட்டம் வட்டமாக.
வட்டமாகத் துடைப்பதைப்போலப் பாவம்
இந்தத் தொழிலில் வேறில்லை.

இன்றைக்கு ஷெட்டில்
அந்தக் கண்ணாடிக்கு வாயைக் கொண்டுபோய்
பைய ஊதிப் பார்த்தேன்.
இறக்கைகள் போய்விட்டன.
கைக்குட்டைச் சுழிகளுக்கு நடுவில்
தலை மட்டும் அப்படியே, ஜன்னலோடு.

வினிகர் கையில்தான் இருந்தது.
ஆறு மணிக்குச் சவாரி, கிழக்கே.
முன்கண்ணாடிக்குப் போய்விட்டேன்.
பக்கக் கண்ணாடியில்
ஆடு வந்து நிற்காது.