சாவி காணவில்லை

சாவி என் கையில்தான் இருக்கிறது.
"சாவி காணவில்லை" என்கிறது திரை,
பல்லடம் சந்தைக்கு வெளியே, மூன்றாம் தரம்.

வட்ட பேட்டரி மாற்றியாயிற்று, நாப்பது ரூபாய்.
பிரேக்கை மிதிக்கச் சொல்லி
பின்னால் போய்ப் பார்த்தார் இளநீர்க்காரர்.
லைட்டு எரியுதுங்க.
ஷாகுல் போனில் சொன்னான்:
சாவி முதுகை பட்டன்மேல வெச்சு அமுக்குங்கக்கா,
செத்த சாவி பேசுனாலும் அந்த எடத்துல கேக்கும்.
கேட்டது.
மறுநாள் அதுவும் இல்லை.

ஆர்சி கையெழுத்துக்கு வந்தார்
வண்டியை விற்ற திருமலைசாமி.
எட்டுத் தறியையும் எடைக்குப் போட்டவர்.
வண்டியைப் பார்க்காமல்தான் கடந்தார்.
மடங்கியிருந்த கண்ணாடி இரண்டும்
மாட்டுக் காதாய் விரிந்தன.
டக்கென்று பூட்டு விட்டது.

சட்டைப் பையில் துழாவி
இன்னொரு சாவியை நீட்டினார்.
"மறந்தே போச்சுங்க."

ஒரே சாவிதான் என்று அவர் எழுதித் தந்த தாள்
டேஷ்போர்டுக்குள் இருந்தது.
எடுக்கவில்லை நான்.

ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விடறேன் என்றேன்.
ஒரே அமுக்கில் எடுத்தது.
சீட்டைப் பின்னால் தள்ளும் கைப்பிடியை
இருட்டில்
தேடவே இல்லை அவர் கை.