ஏழு குதிரை

ரஸ்டன்பர்க்கில் ஆகஸ்ட் காற்று செம்மண் நிறம்.
தினியோவின் பட்டறைக் கூரைத் தகரம்
காலையிலிருந்து பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது.
லிஃப்டில் ஏற்றிய நிஸானின் அடிவயிற்றுக்கு
அவள் விளக்கைப் பிடித்தாள்.
மேலே பளபளச் சிவப்பு.
கீழே எல்லாக் காரையும் போலத்தான்:
துரு, சேறு, செத்த வெட்டுக்கிளி ஒன்று.

"கழட்டிடு" என்றான் லூரென்ஸ்.
பல் மருத்துவன்,
வாய் திறந்து கிடப்பவர்களிடம்
நாள் முழுக்கத் தணிந்த குரலில் பேசுகிறவன்.
"மூச்சுத் திணறுது அதுக்கு.
நேர்க்குழாய் போட்டா எத்தனை குதிரை கூடும்?"
"பத்து. அதுவே சந்தேகம்."
"போதும்."
"நாத்தம் வரும்."
"வரட்டும்."

நாலு போல்ட். மூன்று இணங்கின.
நாலாவது, பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி.
எண்ணெய் விட்டாள். காத்திருந்தாள்.
நெருப்புக் காட்டினாள்.
அதன் தாயையும் பாட்டனையும் செட்ஸ்வானாவில் விசாரித்தாள்.
கடைசியில் ஸ்பேனரோடு ஒரு முழம் குழாயைச் சொருகி
உடம்பு மொத்தத்தையும் அதில் தொங்கவிட்டபோது
இளகவில்லை,
அறுந்தது.

பூசணிப் பிஞ்சளவு எஃகு வயிறு கையில் வந்தது.
உள்ளே தேன் வைக்காத தேனடை.
ஊதித் துடைத்து, கண்ணில் வைத்து
வாசலைப் பார்த்தாள்.
வெளிச்சம் ஆயிரம் சதுரமாக நின்றது,
அதன் நடுவில் துண்டு துண்டாக மோடிசே,
தேநீர்க் கோப்பையோடு.

பத்தொன்பது வருஷம் அவன் பூமிக்குக் கீழே
துளையிட்டது இந்தப் பூச்சுக்குத்தான்.
ஒரு டன் பாறையைப் பொடித்தால்
நாலு கிராம் கிடைத்தால் அதிகம்.
காது போனபோது
இடதுக்கு இத்தனை சதவீதம், வலதுக்கு இத்தனை என்று
கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தார்கள்.
கார் ஏறி நிற்கும் லிஃப்ட்
அந்தப் பணத்தில் வாங்கியது.

நேர்க்குழாய் ஏறியது.
லூரென்ஸ் சாவியைத் திருப்பினான்.

புறாக்கள் போயின.
பக்கத்து டயர்க் கடையில் நின்ற வேன்
தன்னை யாரோ திருடுவதாக நினைத்து அலறியது.
லூரென்ஸ் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான்,
ஏழு வயதுச் சிரிப்பு.

மோடிசே தேநீரை முடித்துவிட்டு
பானட்டில் உள்ளங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
மூக்கைச் சுளித்தான்.
"பாதியைத் தின்னுட்டு
மீதியைத் துப்புது" என்றான்,
தன் குரல் எவ்வளவு உரக்க என்று தெரியாமல்.

டைனோவில் முன்பு இருநூற்று முப்பத்தொன்று.
இப்போது இருநூற்று முப்பத்தெட்டு.
ஏழு.
சூரியன் தேருக்கே ஏழுதான்.
லூரென்ஸ் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போனான்;
நகரம் தாண்டும்வரை கேட்டது,
மோடிசேவைத் தவிர எல்லோருக்கும்.

மறுநாள் பழைய இரும்பு ஃபெரேரா வந்து
எஃகு வயிற்றைத் தூக்கி எடை பார்த்து
நல்ல விலை சொன்னான்.
தினியோ வேண்டாமென்றாள்.
ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.
வாடகை வேறு பாக்கி.

அது பட்டறைக் கதவுக்கு முட்டுக்கல் ஆனது.
காற்றில் கதவு அறைந்தால்
மோடிசேவுக்குக் காதில் கேட்காது,
தரை வழியே ஏறி
பாதத்தில் அடிக்கும்.
சுரங்கத்தில் கூரை சரியும்போது
அப்படித்தான் முதலில் தெரியுமாம்.

நவம்பரில் முதல் மழைக்குப் பிறகு
லூரென்ஸ் வந்தான், மெதுவாக,
இரண்டாவது கியரிலேயே.
"மகளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்.
பின்சீட்ல தினமும் வாந்தி.
தலைவலிங்கறா."
கொஞ்சம் நின்று,
"அதை வித்துட்டியா?"

மோடிசே அவன் வாயையே பார்த்திருந்தான்.
சொல் முடிந்ததும் குனிந்து
கதவடியிலிருந்து அதை எடுத்து
சட்டையில் துடைத்தான்.

கதவு அறைந்தது.
லூரென்ஸ் திடுக்கிட்டான்.
மோடிசே தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான்.

தினியோ லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.
"மூணு போல்ட் பழசே போதும்.
நாலாவதுக்குக் கடைக்குப் போகணும்."