பத்தாம் நிரல்

படிவத்தில் பத்து நிரல்கள்.
நாலாவது: நிரந்தர முகவரி.
"பஸ் நிலையம் எண்டு போடட்டோ?"
"எந்தப் பக்கம் எண்டும் போடுங்கோ,
காரைநகர் பஸ் நிக்கிற பக்கம்.
மற்றப் பக்கம் ஒழுக்கு" என்றார் யேசுரட்ணம்.

வயது நாற்பத்தேழு. மேசன்.
சீமெந்து விலை ஏறின வருசம் வேலை நின்றது.
வேலை நின்ற நாலாம் மாதம் வாடகை நின்றது.
பிறகு கதவு.
சாந்தகப்பையை மட்டும் விற்கவில்லை,
சாக்கில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

பத்தாவது நிரல்: எடுக்கப்பட்ட நடவடிக்கை.
சின்னப் பெட்டி,
இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது.

இதுவரை எடுக்கப்பட்டவை
வாங்குகளின் நடுவில் இரும்புக் கைபிடி:
இருக்கலாம், படுக்க ஏலாது.
ஞாயிறுகளில் சோற்றுப் பார்சல்,
பார்சலோடு ஒரு படம்,
படத்தில் கொடுத்தவரின் பல் மட்டும் தெளிவு.
மூன்று நாள் சுயதொழில் பயிற்சி.
சான்றிதழை லமினேற் பண்ணித் தந்தார்களாம்,
மழைக்கு நல்லது என்கிறார்.

நானும் ஒருகாலம் ஒரு பட்டியலில் இலக்கம்.
கச்சேரிக்கு முன்னால், தறப்பாளின் கீழ்,
பட்டச் சான்றிதழின் பிரதியால் விசிறிக்கொண்டு
நூற்றுப் பன்னிரண்டு நாள் இருந்தவள்.
கார்க் கண்ணாடியை இறக்கி
"படிச்ச பிள்ளையள், தோட்டம் செய்யலாமே" என்றவருக்குத்
தோட்டமும் இருந்தது, காரும் இருந்தது.
இன்று எனக்கு மேசை இருக்கிறது.
மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால்
வேலையில்லாதவர்கள் சோம்பேறிகள் போலத்தான் தெரிகிறார்கள்.
அதனால் எழுந்துபோய்
அந்தப் பக்கக் கதிரையில் இருந்து எழுதுகிறேன்.

அலுமாரியின் மேல்தட்டில் இன்னொரு கோப்பு:
பூட்டிய வீடுகள்.
எங்கள் பிரிவில் அறுபத்தொன்று.
மாபிள் விறாந்தை, வாசலில் கமரா,
ரொறன்ரோவில் இருந்து தவறாமல் கட்டப்படும்
மின்கட்டணம்.
கீழ்த்தட்டில்: வீடற்றோர். பத்தொன்பது.
நான் கணக்குப் படித்தவள் இல்லை.
என்றாலும் கழித்துப் பார்த்தேன்.

அதில் ஒரு வீட்டுக்கு நிலம் பதித்தது
யேசுரட்ணம் என்பது பிறகுதான் தெரிந்தது.
"குசினிக்குள்ள ஒரு கல் கொஞ்சம் சரிவு,
அது என்ரை பிழை."

சொந்தக்காரர் திலகேஸ்வரனை ஒரு இரவு வைபரில் எடுத்தேன்.
அங்கே விடிந்திருந்தது. பனி தள்ளிக்கொண்டிருந்தார்.
"பாவம்தான். ஆனா இருந்திட்டு எழும்பாட்டி?"
"எழுதித் தருவார்."
"காசு ஏதும் அனுப்பட்டோ?"
பக்கத்தில் நின்ற யேசுரட்ணத்துக்கு அது கேட்டுவிட்டது.
"காசு வேண்டாம்.
மதில் வெடிச்சிருக்கு, பூசக் கூலி தரட்டும்.
கூலியிலை வாடகை எடுக்கட்டும்.
ரசீது தரச் சொல்லுங்கோ."

ரசீது வந்தது. பின் அறையும் கிடைத்தது.
நாலாம் நிரலை அவரே நிரப்பினார்,
வீதிப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும்
கல் வைப்பதுபோல
மட்டம் பார்த்து.

ஆவணியில் திலகேஸ்வரன்
குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார்.
இருபத்தைந்து நாள்.
பின் அறையில் பெட்டிகள்.
தேருக்கு முதல்நாள் பஸ் நிலையத்தில்,
காரைநகர்ப் பக்கம், அவரைக் கண்டேன்.
மடியில் சாந்தகப்பை.
சட்டைப் பையில் திறப்பு.
"முகவரியை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ."

வெட்டவில்லை.
இரண்டு கோப்புகளையும் ஒரே நாடாவால் கட்டி
மேலே அனுப்பினேன்.
திரும்பி வந்தது ஒரு குறிப்போடு:
இவை வெவ்வேறு கிளைகளுக்குரியன,
பிரித்து அனுப்பவும்.

நாடா பழசு,
முடிச்சு இறுகிவிட்டது
என்று பதில் எழுதியிருக்கிறேன்.