பறந்த உயரம்

விமானம் அமர்த்தினால் மணிக்கு ஆயிரத்து நானூறு டாலர்.
வரலாற்றுச் சங்கத்தின் கையிருப்போ
சந்தையில் சாசேஜ் சுட்டு விற்ற அறுநூற்றுச் சொச்சம்.
ஆகவே டாண்டினாங் போய்
நிரோஷனிடம் ஒரு பழைய ட்ரோன் வாங்கிவந்தேன்.
கல்யாணங்களில் பறந்து களைத்தது.
மெமரி கார்டை அவன் அழிக்க மறந்திருந்தான்:
யாரோ ஒரு மணப்பெண்
ஏரிக்கரையில் அண்ணாந்து, கண் கூசி,
எப்போது முடியும் என்று கேட்கிற முகம்.
அழிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

டனாலிக்கு வடக்கே, கிளெனிஸின் மேய்ச்சல் நிலம்.
தங்கம் தேடி வந்த சீனர்கள்
இங்கே முட்டைக்கோசும் போட்டார்களாம்.
பழைய வரிப் புத்தகத்தில் அது அரை வரி:
தோட்டம், சீனன், ஓடைப் பக்கம்.
பெயர் இல்லை.
எந்த ஓடை, எந்தப் பக்கம் என்பதும் இல்லை.

வார நாட்களில் நான் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
அசையாதீர்கள் என்று சொல்லிப் பழகிய வாய்.
நிலம் அசையாமல்தான் கிடந்தது.
உச்சி வெயிலில், நாற்பது மீட்டர் உயரத்தில்,
உழுகிறவனைப் போலப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
நேர் கீழே பார்த்து
அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
இரவெல்லாம் மடிக்கணினி தைத்துத் தந்தது
ஒட்டுப்போட்ட ஒரு பழுப்புப் போர்வையை.
அதில் ஆடுகள் இருந்தன.
ஒரே ஆடு மூன்று இடத்தில் இருந்தது.
தோட்டம் இல்லை.

மூன்று சனிக்கிழமை. மூன்று போர்வை.
"புல்லைத்தானே படம் பிடிக்கிறாய்?" என்றாள் கிளெனிஸ்,
தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகியபடி.
"எனக்குத் தெரியாத புல்லா?"

நான்காம் சனி, வழியில் டயர் பஞ்சர்.
போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.
கடைசி பேட்டரியில் முப்பத்தோரு சதவீதம்.
அப்போதுதான் வந்தது
ஆப்பு வால் கழுகு,
இந்த வானத்துக்குப் பட்டா வைத்திருப்பது.
ஒருமுறை சுற்றிப் பார்த்தது.
மறுமுறை விசாரிக்கவில்லை, அடித்தது.

திரையில் வானம், நிலம், வானம், நிலம்,
ஒரு நகம்,
பிறகு கறுப்பு.

முள் புதரில் பொறுக்கினோம்.
நான்கு இறக்கையில் ஒன்று,
கழுத்து முறிந்த கேமரா.
கார்டு மட்டும் முழுசாக.

கிளெனிஸின் சமையலறை மேசையில் திறந்தால்
விழும்போதும் எடுத்திருக்கிறது, ஒரு படம்.
கோணல். பாதி வானம்.
மீதிப் பாதியில்
வெயில் தரையோடு தரையாகப் படுத்து வந்து
விரற்கடை உயர மேட்டுக்கெல்லாம்
முழ நீள நிழல் கொடுத்திருந்தது.

பாத்தி. பாத்தி. பாத்தி.
இடையில் வரப்பு. நடுவே ஒரு நடை,
இரண்டு வாளி சுமப்பவன் இடிக்காமல் திரும்பும் அகலம்.

கிளெனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"அங்கேதான்," என்றாள், "என் வண்டி எப்போதும் குலுங்கும்."

அறிக்கைப் படிவத்தில்
பறந்த உயரம் என்று ஒரு கட்டம்.
குறைந்துகொண்டிருந்தது
என்று எழுதினேன்.