வரத்துக்கால்

வலி எங்கே என்றார்கள்.
முழங்காலில் என்றேன்.
தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பை
ஆண் டாக்டரிடம் என்ன பெயர் சொல்லிக் காட்டுவது?
கவட்டை என்பது எங்கள் வீட்டில்
ஆடு உரிக்கும்போது மட்டும் புழங்கும் சொல்.
முழங்காலும் வலித்தது, பொய்யில்லை.
காரைக்குடியில் படம் எடுத்தார்கள்.
முழங்கால் முத்துப்போல இருந்தது.
தைலம், பெல்ட், எட்டு மாதம்.

நான் நில அளவர்.
பள்ளத்தூருக்கு மேற்கே கருவேலமுள்ளுக்குள்
எல்லைக்கல் தேடிக் குனிந்தால்
நிமிர மாரிக்கண்ணுவின் தோள் வேண்டியிருந்தது.
"நடை சாயுது மேடம்" என்றான்.
சங்கிலி பிடிக்கிறவன்,
கோணல் அவன் கண்ணுக்குத் தப்பாது.

மதுரையில் டாக்டர் நஸ்ரின்
முழங்காலைத் தொடவேயில்லை.
படுக்கவைத்து, மடக்கி,
காலை உள்பக்கமாகத் திருப்பினாள்.
நான் கத்திய கத்தலில்
வராந்தாவில் என் வீட்டுக்காரர் காபியைக் கொட்டிக்கொண்டார்.
"முழங்கால் தபால்காரன்க்கா.
கடிதாசி எழுதினது இடுப்பு."

ஸ்டீராய்டு சாப்பிட்டீங்களா?
சாப்பிட்டேன். லூபஸ். மூன்று வருடம்.
என் சிறுநீரகத்தைக் காப்பாற்றியதே
அந்த வெள்ளை மாத்திரைதான்.
இன்றைக்கும் அதைத் திட்ட வாய் வரவில்லை.

ஸ்கேன் இரவு பதினொன்றரைக்கு.
அந்த நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு.
படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
தொடையெலும்பின் உச்சியில் பந்து,
பந்துக்குள் வளைந்து ஒரு கறுப்புக் கோடு.
"இதுக்கு மேலே ரத்தம் போகலை.
எலும்பு செத்துக்கிட்டிருக்கு.
உருண்டை இன்னும் நொறுங்கலை,
அதுவரைக்கும் நமக்கு நேரம்."

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
போன சித்திரையில் நான் வரைந்தது.
ஊருணிக்கு நீர் கொண்டுவரும் கால்,
பழைய வரைபடத்தில் பதினான்கு லிங்க்ஸ் அகலம்,
தரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவர்.
நாலு பக்கமும் செம்புறாங்கல் படி,
ஒரு கல் பெயரவில்லை.
அடியில் வெடித்த சேறு.
மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நல்ல ஊருணி.
மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு
நான் முப்பத்தாறு வயதுக்காரி.

கால் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இரண்டையும் ஒப்பேற்றுகிறது தமிழ்.

துளை போட்டார்கள், பென்சில் பருமனில்,
தொடையின் பக்கவாட்டிலிருந்து கறுப்புக் கோடு வரைக்கும்.
உள்ளே இறுகிய அழுத்தம் இறங்க,
புது ரத்தக்குழாய் வழி கண்டுபிடிக்க.
என் மஜ்ஜையையே எடுத்து அதில் விட்டார்கள்.
"உறுதி சொல்ல மாட்டேன்" என்றாள்.
"சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குச் சரியும்.
சரிஞ்சா புதுப் பந்து வைப்போம்.
நடக்காம விட மாட்டேன்."

ஆறு வாரம் வலது கால் தரையில் படக்கூடாது.
நாங்கள் குடியிருப்பது கோட்டையூரில்
ஒரு பெரிய வீட்டின் முன்பாதியில்.
படுக்கையிலிருந்து பின்கட்டுக் கழிப்பறைக்கு
அறுபத்தெட்டு அடி, நாலு நிலைப்படி.
அளந்தது நான்தான்.
ஆத்தங்குடிக் கல்லில் ஊன்றுகோலின் ரப்பர் வழுக்கும்.
பூவேலையைப் புகழ்கிறவர்கள்
ஒற்றைக்காலில் ஒருமுறை தாண்டிப் பார்க்கட்டும்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை.
சென்னை டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்.
ஒன்று, அரை,
இப்போது கால்.
சிரிப்பு வந்தது. அவருக்குப் புரியவில்லை.

ஆறாம் மாதப் படத்தில்
கோடு அப்படியே இருக்கிறது, பந்தும் உருண்டையாக இருக்கிறது.
இடது பக்கம் மிளகளவு ஒரு நிழல்.
"பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றாள்.
இந்த முறை
எங்கே வலித்தால் என்ன சொல்வது என்று
எனக்குத் தெரியும். கவட்டை. கவட்டை.
பேருந்து நிலையத்தில் நின்றுகூடச் சொல்வேன்.

மண்டபச் சுவர் கோப்பு தாலுகாவில் தூங்குகிறது.
ஐப்பசியில் இரண்டு நாள் மழை.
மாரிக்கண்ணு போனில் படம் அனுப்பினான்.
சுவரின் அடியில் யாரோ ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள்.
யார் என்று கேட்கவில்லை,
அரசு ஊழியர் கேட்கக் கூடாத கேள்வி.
ஊருணியின் கடைசிப் படி
கறுத்துத் தெரிகிறது.
தண்ணீர் என்று எழுத முடியாது.
ஈரம்.